வெள்ளிக் கோலில் ஆடின தேவதூதன்

பிள்ளையள், முதலே சொல்லிப்போடுறன். பெட்டிக்குள்ள பஞ்சு எப்பிடி வெட்டுறது, கையுறை எப்ப போடுறது, எப்ப கழட்டுறது எண்டெல்லாம் நான் இண்டைக்குக் கதைக்கப் போறேல்லை. அதுகளை உங்கட ஆவுஸ்பில்டுங்கில, அந்தத் தொழிற்பயிற்சியில, மூண்டு வருசம் மினக்கெட்டுப் பழக்குவினம், என்னைவிட வடிவாப் பழக்குவினம். மியூசியத்தில சாமான் தூக்கி, பெட்டி கட்டி, அதுக்குப் பின்னால ஊர் ஊராப் போய்வாற இந்த வேலைக்கு, முந்தி ஜெர்மனியில எங்கட ஆக்களில நான் ஒருத்திதான். இப்ப இந்த மேசையைச் சுத்தி எத்தினை பேர் இருக்கிறியள்! ஒருத்தி ஹாலேயில பழைய தமிழ்க் கடிதங்கள் இருக்கிற இடத்தில வேலை. மதுரையில இருந்து வந்த தம்பி டிரெஸ்டனில வெள்ளிச் சாமான் திருத்தப் படிக்கிறார். பாக்க எனக்கு மனம் நிறைஞ்சு போச்சு.

மறக்கேலாத ஒரு நாளைச் சொல்லுங்கோ அக்கா எண்டு கேட்டனீங்கள். அப்பிடி நாள் கன இருக்கு. தண்ணிக் குழாய் வெடிச்ச நாள், லொறி பனியில சறுக்கின நாள். அதெல்லாம் ஓடித் திரிஞ்சு சமாளிச்ச கதையள், தேத்தண்ணி குடிக்கேக்க சொல்லுறன். இப்ப சொல்லப்போறது, ஒரு மனிசனுக்கு நான் மாட்டன் எண்டு சொன்ன கதை. ஓடுறதைவிட அது கஷ்டமான வேலை, பாருங்கோ.

நான் பென்சன் எடுக்கிறதுக்குக் கொஞ்சக் காலம் முந்தி. எங்கட மியூசியத்தில ஐரோப்பாவின்ர பழைய பல்கலைக்கழகங்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. ஸ்கொட்லாந்தில இருந்து ஒரு வெள்ளிக் கோல் இரவலா வந்தது. ஐஞ்சு நூற்றாண்டுக்கு மேல வயசுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின்ர செங்கோல் அது. ஒரு சின்னப்பிள்ளை உயரம். உச்சியில குட்டிக் கோபுரம் மாதிரி ஒரு வேலைப்பாடு, அதைச் சுத்தி விரல் நுனி அளவில தேவதூதர்கள் கேடயம் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். பட்டமளிப்பு நாளில கறுப்பு அங்கி போட்ட ஒருத்தர் இந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு முன்னால நடப்பார், பேராசிரியர்மார் எல்லாரும் அவருக்குப் பின்னால வருவினம். கோலைக் கொண்டுபோய் மேசையில வைச்சால்தான் மற்றதெல்லாம் தொடங்கும். எங்கட திருவிழாவில சுவாமிக்கு முன்னால வேல் போறமாதிரி எண்டு வையுங்கோ.

கண்காட்சி முடிஞ்சு கோலைத் திருப்பிக் கொண்டுபோக, வழமையா வாற அதிகாரி வரேல்லை. அவவுக்குக் கால் முறிஞ்சு போச்சாம். அவவுக்குப் பதிலா வந்தவர் ரோரி. இந்தக் கோலைத் தூக்கி நடக்கிறவரே அவர்தான். நெடுவல் மனிசன், குளிரில சிவந்த காது, மெல்லிசான குரல். அவருக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. என்ர இங்கிலிஸ் பள்ளிக்கூட இங்கிலிஸ். அவற்ற இங்கிலிஸோ, கடவுளே, காற்றுக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஆள் பொறுமைசாலி, விளங்காட்டித் திரும்பச் சொல்லுவார்.

பெட்டி கட்டுறதுக்கு முதல் நாள் மத்தியானம் கன்டீனில என்னோட இருந்து சாப்பிட்டவர். அடுத்த கிழமை பட்டமளிப்பு, அதோட தனக்கும் பென்சன் எண்டு சொன்னார். "என்ர அப்பா கமக்காரன், வயலில மூட்டை தூக்கினவர். எங்கட குடும்பத்தில ஒருத்தரும் அந்த மண்டபத்துக்குள்ள படிக்கப் போனதில்லை. நான் கோலோட போனனான். இத்தினை வருசமா எல்லாப் பிள்ளையளுக்கும் முன்னால நான்தான் நடக்கிறனான். கடைசியா ஒருக்கா நடந்திட்டு, வீட்ட போய்த் தோட்டத்தைப் பாப்பன்" எண்டார். சொல்லேக்க முகத்தில ஒரு சிரிப்பு. புதுச் சட்டை எடுத்து வைச்சிருக்கிற பிள்ளை மாதிரி.

பல்கலைக்கழகத்தின்ர பழங்கதையளும் அவருக்கு நல்லாத் தெரியும். முந்தி நாட்டில மதச் சண்டை வந்த நேரம், ஒரு பெரிய குருவானவர் இந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்கு ஓடிப்போட்டாராம். கன காலம் கழிச்சுத்தான் கோல் திரும்பி வந்ததாம். "அட, அப்ப இதுவும் எங்கட ஆள்தான். நானும் இப்பிடித்தான் ஒரு பையோட ஷோனெஃபெல்ட் எயார்போட்டில வந்து இறங்கினனான். என்ன, நான் இன்னும் திரும்பிப் போகேல்லை" எண்டன். மனிசன் நல்லாச் சிரிச்சார்.

இன்னொண்டும் சொன்னவர், அதைக் கவனமாக் கேளுங்கோ. அந்தக் காலத்தில அங்க படிக்க வந்தது பெரிய இடத்துப் பிள்ளையள் மட்டுமில்லையாம். கமக்காரப் பெடியள் ஒரு சாக்கு ஓட்ஸ் மாவைத் தோளில போட்டுக்கொண்டு நடந்து வருவாங்களாம். தவணை முழுக்க அதில கஞ்சி காய்ச்சிக் குடிச்சுத்தான் படிப்பு. இடையில சாக்கு வெறுமையாப் போனால்? அதுக்கெண்டே ஒரு திங்கக்கிழமை லீவு விடுவினமாம், வீட்ட போய் மா எடுத்துக்கொண்டு வரச்சொல்லி. அப்பிடி ஒரு லீவை நான் வேற எங்கயும் கேள்விப்பட்டதில்லை.

சரி, அடுத்த நாள் காலமை. முற்றத்தில லொறி நிக்குது, சாரதி ஒருக்கா மணிக்கூட்டைப் பாக்கிறார், ஒருக்கா என்னைப் பாக்கிறார். அடுத்த கண்காட்சியின்ர பெட்டியள் வேற வாசலில வந்து குவிஞ்சு கிடக்கு. நான் கோலைத் தூக்கிப் பெட்டிக்குள்ள படுக்க வைச்சன். மூடுறதுக்கு முந்தி எல்லாரையும் ஒருக்கா வாய் மூடச் சொல்லுறது என்ர பழக்கம். எனக்கு வேலை பழக்கின மனிசி அப்பிடித்தான் செய்வா, நானும் அதைப் பிடிச்சிட்டன். கன பேர் அதைப் பாத்துச் சிரிச்சிருக்கினம். அண்டைக்கும் சாரதி சிரிச்சவர்.

பெட்டியை மெல்லமாச் சரிச்சன். டிக்.

அவ்வளவுதான். ஒரு அரிசி கீழ விழுந்த மாதிரி. திரும்பச் சரிச்சன். திரும்பவும் டிக். எங்கட திருத்துநர், அவ ஒரு நிதானமான பெட்டை, விளக்கைக் கொண்டுவந்து குனிஞ்சு பாத்தா. உச்சியில நிக்கிற தேவதூதர்களில ஒருத்தர் ஆடுறார். எந்தக் காலத்திலயோ ஆரோ ஒட்டின பழைய ஈயம் கீழ விட்டுப்போச்சு. பாக்க நிக்கிற மாதிரித்தான் நிக்கிறார், ஆனால் நிக்கேல்லை. "இதோட லொறியும் பிளேனும் எண்டால் இவர் கழண்டு விழுவார். தான் விழுறது மட்டுமில்லை, பக்கத்தில நிக்கிற மற்றவையையும் இடிச்சு முறிப்பார்" எண்டா அவ. திருத்துறதெண்டால் சொந்தக்காரரிட்டை அனுமதி எடுக்கவேணும், அதுக்குரிய ஆளைக் கூப்பிடவேணும், எப்பிடியும் கிழமைக் கணக்கு.

ரோரிக்கு நான்தான் விளங்கப்படுத்தினன். அவர் குனிஞ்சு அந்தத் தேவதூதரைப் பாத்தார். அவற்ற காதுச் சிவப்பெல்லாம் வத்திப் போச்சு. பிறகு சொன்னார்: "அது எப்பவும் கொஞ்சம் பாடுறதுதான். நான் நடக்கேக்க எனக்கு மட்டும் கேக்கும். மூடுங்கோ. பெட்டியை என்ர மடியில வைச்சுக் கொண்டு போறன்."

ஐயோ பிள்ளையள், அந்தக் குரல். எனக்கும் மூடிவிட்டால் காணும் எண்டுதான் இருந்தது.

கண்காட்சிப் பொறுப்பாளர் கெஸ்லர் எண்ட மனிசி ஓடிவந்தா. கூடாதவ இல்லை, நல்ல படிச்சவ, எங்களோடயும் மரியாதையாக் கதைக்கிறவ. ஆனால் 'சேதம்' எண்ட சொல்லைக் கேட்டால் அவவுக்கு முகம் வெளிறும். எல்லாருக்கும் அப்பிடித்தானே? உடனே, ஆர் கடைசியாத் தொட்டது, கண்ணாடிப் பெட்டியை ஆர் துடைச்சது எண்டு விசாரணை தொடங்கிட்டுது. நான் சொன்னன், ஆற்ற பிழை எண்டு தேட நாளைக்கும் நேரமிருக்கு, இந்தத் தேவதூதருக்கு இண்டைக்குத்தான் ஆபத்து எண்டு. இதை மட்டும் மனசில வைச்சிருங்கோ. ஒரு சாமான் பழுதாப் போனால், முதல் பத்து நிமிசம் எல்லாரும் தங்களைத்தான் காப்பாத்துவினம். சாமானைக் காப்பாத்த ஒராள் வேணும்.

கெஸ்லர் கொஞ்சம் யோசிச்சிட்டு, "அவர் சொந்தக்காரரின்ர ஆள். அவர் கையெழுத்து வைக்கிறன் எண்டால் நாங்கள் ஏன் மறிக்கவேணும்? மூடுங்கோ" எண்டா.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என்ர மேலங்கிப் பொக்கற்றுக்குள்ள வைச்சன். "நான் மூடமாட்டன்."

"உங்கட வேலை மூடுறது. தீர்மானம் எடுக்கிறதில்லை."

மெய்தான். என்ர ஒப்பந்தத்திலயும் அப்பிடித்தான் கிடக்கு. எண்டாலும் பொக்கற்றுக்குள்ளயே கையை வைச்சுக்கொண்டு நிண்டன். "வேற ஆரையும் கூப்பிட்டு மூடுங்கோ, நான் கோபிக்கமாட்டன். ஆனால் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுட்டுது" எண்டு சொன்னன். அங்க நிண்ட ஒருத்தரும் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டுக் கை நீட்டேல்லை.

அப்பதான் கெஸ்லருக்கு ஒரு யோசனை வந்தது. கண்காட்சியில பள்ளிக்கூடப் பிள்ளையள் தொட்டுப் பாக்கிறதுக்கெண்டு அந்தக் கோலைப் போலவே ஒண்டு வார்த்து, வெள்ளி நிறம் பூசி வைச்சிருந்தம். அவ போய் அதைக் கையோட தூக்கிக்கொண்டு வந்தா. "இதைக் கொண்டு போங்கோ. மண்டபத்தில தூர இருந்து பாக்கிறவைக்கு ஆருக்குத் தெரியப்போகுது? உங்கட ஊர்வலமும் நடக்கும், கோலும் பத்திரமா இருக்கும்." நல்ல மனசோடதான் சொன்னா, அதையும் நான் சொல்லவேணும்.

ரோரி அதைக் கையில வாங்கினார். தோளில சாத்திப் பாத்தார். கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு எட்டு வைச்சார். வேண்டாம் எண்டு சொல்லேல்லை. அந்த மனிசன் தன்ர கடைசி நாளுக்காக அதையும் செய்துபோடுவார் எண்டு விளங்கிச்சு. பிறகு சாகுமட்டும் அது அவரைப் பிடிச்சுத் தின்னும் எண்டும் விளங்கிச்சு.

சாரதியைப் பத்து நிமிசம் பொறுக்கச் சொல்லிட்டு, ரோரியைப் பெட்டி அடிக்கிற அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய் ஒரு தேத்தண்ணி குடுத்தன். என்னத்தைச் சொல்லுறது எண்டு ஒரு ஆயத்தமும் என்னட்டை இல்லை. வாயில வந்தது எங்கட கோயில் கதைதான்.

"ரோரி, நாங்கள் கும்பிடுற கோயில் இங்கதான் இருக்கு, முந்தி லொறி திருத்தின கராஜ். போன வருசம் மூலஸ்தானத்தில திருத்தவேலை வந்தது. சுவாமியைத் தொட்டுத் திருத்தவேணும். அப்ப நாங்கள் பூசையை நிப்பாட்டினமோ? இல்லை. அதே மாதிரி இன்னொரு சிலை வைச்சு, இதுதான் அது எண்டு சனத்துக்குச் சொன்னமோ? அதுவும் இல்லை. ஐயர் ஒரு செம்பில தண்ணி நிரப்பி, மாவிலை வைச்சு, தேங்காய் வைச்சு, நெல்லுப் பரப்பி அதுக்கு மேல இருத்தினார். கும்பம் எண்டு சொல்லுவம். மந்திரம் சொல்லிச் சுவாமியின்ர சக்தியை அதுக்குள்ள இறக்கினார். வேலை முடியுமட்டும் கும்பத்துக்குத்தான் பூசை, கும்பத்துக்குத்தான் கும்பிடு. உள்ள திருத்தவேலை எண்டு வாற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் குறை சொல்லேல்லை."

அவர் கோப்பையைப் பிடிச்சபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தச் செம்பு சுவாமி மாதிரி இருக்கத் தேவையில்லையோ?"

"தேவையில்லை. சுவாமி மாதிரி நடிக்க வெளிக்கிட்டால்தான் அது கள்ளம்."

வெளியில சாரதி ஹோர்ன் அடிக்கிறார். ரோரி கோப்பையை வைச்சிட்டுக் கேட்டார், "அப்ப எங்கட செம்பு எது?"

"அது உங்கட வீட்டுச் சோலி. எனக்கு எப்பிடித் தெரியும்?"

ரோரி எழும்பிப் போய் அந்தப் பிள்ளையள் தொடுற கோலைக் கெஸ்லரின்ர கையில திருப்பிக் குடுத்தார். நன்றி சொன்னார். பிறகு முற்றத்தில நிண்டு தன்ர பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்தார். நான் யன்னலால பாத்துக்கொண்டு நிண்டன். ஒரே வட்டத்தில சுத்திச் சுத்தி நடக்கிறார். திரும்பி வந்து, "அவைக்கு நல்ல கோபம்" எண்டார். லொறி மற்றப் பெட்டியளோட போச்சு. ரோரி வெறுங்கையோட பிளேனுக்குப் போனார். அந்தக் கூனின முதுகைப் பாக்க எனக்கு அழுகை வந்திட்டுது. ஒரு மனிசன் எத்தினையோ வருசம் காத்திருந்த நாளைப் பறிச்சுப்போட்டன் எண்டுதான் நினைச்சன். வீட்ட போய்ச் சமைக்கவும் மனமில்லை.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தனான். சரியானதைச் செய்தால் மனசுக்கு நிம்மதியா இருக்கும் எண்டு எல்லாரும் சொல்லுவினம். விசர்க் கதை. அண்டைக்கு எனக்கு ஒரு நிம்மதியும் இருக்கேல்லை. கெஸ்லர் கொஞ்ச நாள் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. மூடியிருக்கலாமோ, மடியில வைச்சே கொண்டு போயிருப்பாரோ எண்டு யோசிச்சு யோசிச்சு எனக்கு நித்திரையும் போச்சு.

அடுத்த கிழமை நான் ஏணியில நிக்கேக்க கெஸ்லர் வந்து தன்ர போனில ஒரு படத்தைக் காட்டினா. ஏணியில நிண்டபடியே பாத்தன். பெரிய கல் மண்டபம். பேராசிரியர்மார் கறுப்பிலும் சிவப்பிலும் வரிசையா வருகினம். எல்லாருக்கும் முன்னால ரோரி, அங்கியோட, தலை நிமிந்து. அவற்ற ரெண்டு கையிலும் ஒரு மாச் சாக்கு.

ஓம், ஓட்ஸ் மா! வாயில சணல் கயிறு கட்டின ஒரு சாக்கு. பிறந்த பிள்ளையைத் தூக்கின மாதிரி அணைச்சுக்கொண்டு நடக்கிறார்.

படத்துக்குக் கீழ ரோரி எழுதியிருந்தார். எங்கட கோல் ஜெர்மனியில திருத்தத்தில இருக்கு, அது வருமட்டும் இது நிக்கும் எண்டு துணைவேந்தர் முதலே எழும்பி எல்லாருக்கும் சொல்லிப்போட்டாராம். சாக்கைக் கண்டவுடன சனம் சிரிச்சதாம். பட்டம் வாங்க வந்த பிள்ளையளும் சிரிச்சதுகளாம். பிறகு மேல்மாடியில இருந்த ஆரோ ஒரு கிழவன் எழும்பி நிண்டாராம். அவருக்குப் பக்கத்தில இன்னொருத்தர். மேசைக்குக் கிட்டப் போகேக்க மண்டபம் முழுக்க எழும்பி நிண்டதாம். "கோலுக்கு ஒருநாளும் அப்பிடி எழும்பினதில்லை. என்ர அப்பா தூக்கின பாரம்தான் என்ர கையில இருந்தது. விழாமல் நடந்ததே பெரிய காரியம்" எண்டு முடிச்சிருந்தார்.

நான் ஏணியால இறங்கி, கெஸ்லரைக் கட்டிப்பிடிச்சு அழுதன். அவவும் அழுதா. பிறகு மூக்கைத் துடைச்சிட்டு, "உங்கட ஸ்க்ரூ டிரைவரை இனி நான் கேக்கமாட்டன்" எண்டா. சேத அறிக்கையில முதல் கையெழுத்து அவதான் வைச்சது.

கோல் திருத்தி முடிய, அதைக் கொண்டுபோய்க் குடுக்க என்னையே அனுப்பினவை. அதுதான் என்ர சேர்விஸில கடைசிப் பயணம். வெளிக்கிட முந்தி ரோரி போன் எடுத்து, "வேலை முடிஞ்சால் அந்தச் செம்பை என்ன செய்வீங்கள்?" எண்டு கேட்டார். கும்பாபிஷேகத்தில அந்தத் தண்ணியைச் சுவாமிக்கு மேல ஊத்துவம், இரவலாப் போன சக்தி திரும்ப வீட்ட போகும் எண்டு சொன்னன். "வெள்ளிக்கு மேல நான் ஓட்ஸ் கஞ்சி ஊத்தலாமோ?" எண்டார். ஐயோ கடவுளே, ஊத்தினால் உங்களையும் என்னையும் ஒரே மறியல் கூட்டில போட்டுப் பூட்டுவாங்கள் எண்டன்.

அங்க போய்ப் பெட்டியைத் திறந்து, கோலை அதின்ர மேசையில வைச்சம். ரோரிக்குப் பிறகு கோல் தூக்க வந்தது ஒரு இளம் பெட்டை. அவவும் நிண்டா, கால் சுகமாகி வந்த அதிகாரியும் நிண்டா. ரோரி பென்சன்காரர், ஒரு பழைய கம்பளிச் சட்டையோட, அடியில மிஞ்சின மாவோட அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாமானுக்குக் கிட்டச் சாப்பாடு கூடாது, சட்டம் சட்டம்தான். பக்கத்தில இருந்த குட்டிக் குசினியில கஞ்சி காய்ச்சினார், சீனியில்லாமல் உப்புப் போட்டு. எங்கட கஞ்சி மாதிரியேதான் இருந்தது. கதவைத் திறந்து வைச்சு, கோல் தெரியக்கூடின மாதிரி நிண்டுகொண்டு எல்லாரும் குடிச்சம். நான் ரெண்டாந்தரமும் வாங்கினனான்.

ரோரி கரண்டியை வைச்சிட்டு, அங்கால மேசையைப் பாத்தார். "திரும்பிப் போயிட்டுதோ?" எண்டு என்னட்டைக் கேட்டார், மற்றவைக்குக் கேக்காத மாதிரி.

நானும் பாத்தன். தேவதூதர் கேடயத்தைப் பிடிச்சுக்கொண்டு ஆடாமல் நிண்டார். ஐயரும் இல்லை, மந்திரமும் இல்லை, எனக்கு என்ன தெரியும்? ஆனால் எனக்கு அது தெரிஞ்சது, பிள்ளையள்.

"ஓம், போயிட்டுது."

அவர் தலையாட்டினார். வெறுஞ்சாக்கை உதறி, நாலா மடிச்சு, அந்த இளம் பெட்டையின்ர கையில குடுத்தார்.

"இதைப் பத்திரமா வைச்சிரு" எண்டார். "அது ஒருநாள் திரும்பவும் ஆடும்."